முப்பதாம் நம்பர்

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள் சுக்வாரோ. வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு வந்தால் மயக்க ஊசியிலேயே ஆள் போய்விடும் என்று நர்ஸ் முதல் நாளே மிரட்டியிருந்தாள். சுக்வாரோவின் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி முப்பது என்று எழுதியிருந்தார்கள். இன்றைக்கு முப்பது பேருக்குக் கருத்தடை ஆபரேஷன். அவள்தான் கடைசி.

பக்கத்தில் கேஜா, சுக்வாரோவின் நான்கு மாதக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, தொன்னையில் ஊற்றிய அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்தவளுக்குப் பட்டினி எதற்கு? இருவரும் ஒன்றாகக் காட்டுக்குப் போய்ப் பீடி இலை பறிக்கிறவர்கள். கேஜா கோண்டுப் பழங்குடி, சுக்வாரோ பைகாப் பழங்குடி. அதுதான் சிக்கல். பைகாக்கள் அருகிவரும் குடியாம், அவர்களுக்குக் கருத்தடை கூடாதென்று சர்க்கார் உத்தரவு. போன பிரசவத்தில் அவளுக்கு இரத்தம் நிற்கவே இல்லை. இன்னொன்று உண்டானால் பிழைக்க மாட்டாய் என்று சொன்ன அதே ஆஸ்பத்திரிதான், ஆபரேஷன் கேட்டபோது அந்த உத்தரவைக் காட்டியது. அக்கிரமத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அதனால்தான் இந்த முகாமில் கோண்டு என்று பொய் சொல்லிப் பெயர் கொடுத்திருந்தாள். முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டது கேஜாவின் யோசனை.

ஆபரேஷனுக்குத் தலையில் மாட்டும் துணித் தொப்பியோடு நர்ஸ் வந்து முக்காட்டைத் தள்ளினாள். எட்டு வயதில் நெற்றியில் குத்திய பச்சை பளிச்சென்று தெரிந்தது. பைகாப் பெண்களைத் தவிர வேறு யாரும் அதைக் குத்திக்கொள்வதில்லை.

"என் வேலைக்கு உலை வைக்கவா வந்த? உங்க ஜனம் கொறஞ்சிடக் கூடாதுன்னு சர்க்காரு பாக்குது. எந்திரி."

"ஆறு பெத்தேன், ரெண்ட மண்ணுல போட்டேன். அப்பக் கொறையலையா எங்க ஜனம்?" சுக்வாரோ எழுந்திருக்காமலே கேட்டாள்.

நர்ஸ் பிளாஸ்திரியை வெடுக்கென்று உரித்தாள். முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும் அவளுக்கு மெமோ வரும். கண் கேஜாவின் மேல் விழுந்தது. எத்தனை பிள்ளை என்று கேட்டாள். ரெண்டு, இன்னும் ஒன்று வேண்டும் என்றாள் கேஜா.

"ரெண்டு போதும். ரேஷன் கார்டுல பேரு இருக்கணுமா, வேணாமாடி?"

சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைக்கக் கேஜாவின் கட்டைவிரலில் மை ஏறியது. அதே பிளாஸ்திரியை அவள் மணிக்கட்டில் அழுத்தி ஒட்டினாள் நர்ஸ். கேஜா குழந்தையைச் சுக்வாரோவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வயிறு காலிதானே என்று உள்ளேயிருந்து டாக்டர் கேட்டார். காலிதான் சார் என்றபடி நர்ஸ் அவளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவ கஞ்சி குடிச்சிருக்கா சார். இப்பத்தான் குடிச்சா."

குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு சுக்வாரோ கதவை அறைந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வராந்தாவில் கேஜா வைத்துவிட்டுப் போன தொன்னையில் ஒரு வாய்க் கஞ்சிதான் மீதியிருந்தது.