கிணற்றடியில் கத்திய கருவி

தெற்கு வளவில் அன்று நின்றவர்கள் நான், என் தம்பி தம்பிராசா, எங்கள் தங்கை தங்கமுத்து, கருவியை இயக்கத் தெரிந்த அடைக்கலநாதன் ஆகிய நால்வர் மட்டுமே. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரியும் வேறு எவரும் அங்கே இருக்கவில்லை.

யப்பான் யுத்தம் முடிந்த மறு வருடம் அது. உடுப்பிட்டியில் எங்கள் தெற்கு வளவைக் கொத்தும்போது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகள் இடைக்கிடை மேலே வரும். மிச்சத்தையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது தம்பிராசாவின் ஆசை. பலாலியில் பட்டாளத்துப் பழைய சாமான்கள் ஏலம் போனபோது, பட்டாளத்தில் வேலை செய்துவிட்டு வந்த அடைக்கலநாதனைக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணிவெடி தேடும் கருவிகள் இரண்டு இருந்தன. ஒரு சதக் காசைச் செங்கல்லின் கீழ் வைத்து இரண்டையும் சோதித்தார்கள். ஒன்று வெறும் மண்ணுக்கும் கத்தியது. மற்றது காசுக்கு மட்டும் கத்தியது. அதையே எடுத்தார்கள்.

நீண்ட தடி, நுனியில் வட்டத் தட்டு, முதுகில் பற்றறிப் பெட்டி, காதில் மாட்ட ஒரு சோடிக் குழல். தட்டை நிலத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து மெதுவாக அசைக்க வேண்டும். தம்பிராசா அவசரப்பட்டான். அகப்பட்டவை ஆணிகளும் மாட்டு லாடமும்தான்.

"விளக்குமாத்தாலை முத்தம் கூட்டுற மாதிரி வீசாதேங்கோ," என்றான் அடைக்கலநாதன். "பிள்ளையைத் தடவுற மாதிரிப் போங்கோ."

கிட்ட நிற்பவர்கள் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. தம்பிராசா கடுக்கனைக் கழற்றினான். நான் வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை வேலியில் கொழுவினேன். தங்கமுத்துவால் தாலிக்கொடியைக் கழற்ற முடியாது. அவளைத் தூர நிற்கச் சொன்னேன். அவள் கணவர் ஆழ்வாப்பிள்ளை, பிள்ளைகளை அவளோடு விட்டுவிட்டு, மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர். யப்பான்காரன் அங்கே இறங்கிய பின் ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் அவளைக் கைம்பெண் என்று சொல்ல நான் ஒருவரையும் விட்டதில்லை. அப்படிச் சொன்ன சொந்த மச்சானையே படலைக்கு வெளியே நிறுத்தினேன். அவள் சுமங்கலி, அது எங்கள் வீட்டின் மானம்.

மத்தியானம் அவள் பனையோலைப் பிளாவில் கூழ் கொண்டுவந்தாள். அடைக்கலநாதன் தடியை அக்குளில் இடுக்கியபடி கை நீட்டினான். தட்டு அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"அக்கா, உங்கடை கொடிக்கும் இது கத்தேல்லை. பற்றறி முடிஞ்சு போட்டுதாக்கும்."

மண்வெட்டியில் பிடித்துப் பார்த்தான். கத்தியது.

தங்கமுத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "கிணத்தடிக்கு மட்டும் போகாதேங்கோ," என்றாள்.

"அப்ப காசுக்குடம் உங்கை, கிணத்தடியிலைதான் கிடக்குது," என்று சிரித்தபடி தம்பிராசா நடந்தான்.

தண்ணீர் இறைக்கும் துலாவின் கீழே கருவி கத்தியது. ஒரு முழம் தோண்டினோம். துணியில் சுற்றிய தங்கமுத்துவின் தாலிக்கொடி. தாலிக்குப் பொன்னுருக்கிய நாளில் நான் கொடுத்த பொன். எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

"அண்ணை," அடைக்கலநாதனின் குரல் தாழ்ந்தது. "வெறுங்கிடங்கு. இன்னும் கத்துது."

குழலை வாங்கி என் காதில் மாட்டினேன். உண்மைதான். மண்வெட்டியைத் தூர வைத்தோம். கொடியையும் வேலியடிக்குக் கொண்டுபோனோம். சத்தம் நிற்காததால் மண்வெட்டியைத் திரும்ப எடுத்துத் தோண்டினோம், சுண்ணாம்புக்கல்தான் வந்தது. தட்டை அசைக்காமல் பிடித்தபோதும் சத்தம் கூடிக் குறைந்தது, யாரோ கிட்ட வந்து விலகுவதுபோல.

"கொடியைத் திருப்பி வையுங்கோ," என்றாள் தங்கமுத்து. "இவர் தேடுறார்."

"ஆர்?"

"பிள்ளையளின்ரை தேப்பன். மாசியிலை ஒருநாள் மத்தியானம் உதிலை, துலாவடியிலை வந்து நிண்டவர். உடுப்பெல்லாம் ஈரம். தண்ணி வேணுமோ எண்டு கேட்டன். வேண்டாமாம். கொடியைத் தா எண்டு கை நீட்டினார். கழட்டிப்போட்டு நிமிரேக்கை ஆளைக் காணேல்லை. அவர் நிண்ட இடத்திலை வைச்சு மூடினன்."

"கனவு கண்டிருப்பாய்," என்றான் தம்பிராசா. அவன் இப்போது சிரிக்கவில்லை.

"உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு ஆரண்ணை கனவு காணுறது?"

கொடியைக் கிடங்கில் வைத்தேன். மண் போடும் முன்பே கருவி ஓய்ந்தது. கீழே அவ்வளவு பொன் கிடக்க, அது ஒரு சத்தமும் போடவில்லை.

தங்கமுத்து வாளியில் தண்ணீர் அள்ளி, நெற்றிப் பொட்டைத் தானே கழுவினாள். ஊரை மறித்து நின்ற நான் அவளை மறிக்கவில்லை.

தங்கையின் தாலியை அண்ணன்மார் காசுக்காகக் கழற்றினார்கள் என்று உடுப்பிட்டியில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். தாலியை அவளிடம் வாங்கியவர் அவள் கணவர்.