மாமாவின் லென்ஸ் சேராத கேமரா

அந்தக் கேமராவை ஏன் வாங்கினாய் என்று முனீஸ்வரனிடம் கேட்காத ஆள் மூணாறில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் காரணம் சொன்னான். எடை குறைவு, எஸ்டேட் ரோட்டில் நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கினாலும் தோள் வலிக்காது. மழையோ பனியோ உள்ளே இறங்காது. தாலி கட்டும் நேரத்தில் சத்தமே இல்லாமல் படம் எடுக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக ஒன்றும் அவன் வாங்கவில்லை.

மாமா வேல்முருகனின் லென்ஸ் எதுவும் அதில் மாட்டாது. அதனால்தான் வாங்கினான்.

வேல்முருகன் அவனுக்குத் தாய்மாமா. மகள் கற்பகத்தைக் கட்டிக்கொடுத்ததால் மாமனாரும் ஆனவர். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். வேலைக்கு வருகிறவன் கேமராவின் பாடியை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும், லென்ஸ்கள் அவருடைய பீரோவில் இருக்கும். கல்யாணத்துக்குப் புறப்படும்போது எடுத்துப்போய், முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும். ஊர் இதைப் பெருந்தன்மை என்றது. முனீஸ்வரனுக்கோ தினமும் கண்ணைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுபோல இருந்தது. மாட்டுப்பட்டி அணையில் பனி விலகும் அழகான காலைகளில், லென்ஸ் இல்லாத பாடியோடு டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தன் மகளின் காதுகுத்தன்று லென்ஸெல்லாம் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் போனில்தான் படம் எடுத்தான். அந்த எரிச்சல் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

பாலக்காட்டை அடுத்த சித்தூரில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன அறை பார்த்து வைத்திருந்தான். தனியாகத் தொழில் செய்ய வேண்டும். கற்பகத்துக்கும் சம்மதம்தான்.

"எங்கப்பாகிட்ட நேரா சொல்லிர வேண்டியதான? கடிச்சா தின்னுரப் போறாரு?" என்றாள்.

"கோவக்காரரா இருந்தா சொல்லிருவேன் பிள்ள. இவரு கண்ணு கலங்கிருவாரு. அதான் பயமா இருக்கு."

அப்பா செத்ததும் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டு, பெண்ணையும் கொடுத்த மனிதரிடம் பிரிந்து போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் கேமராவை விட்டுச் சொல்ல வைத்தான். லென்ஸ் சேராவிட்டால் மாமா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், பிரிவு தானாக நடந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

மாமா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலே, நம்ம லென்ஸ் இதுல சேராதே. நடுவுல ஒரு வளையம் போட்டா?"

"போட்டா ஃபோகஸ் சரியா நிக்காது மாமா."

"அப்பம் எதுக்குல வாங்குன?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. முனீஸ்வரனோ எடையைப் பற்றி ஆரம்பித்தான். மழை, சத்தம், இருட்டு மண்டபம் என்று மூச்சுவிடாமல் அளந்தான். மாமாவின் தோள்வலியைக்கூட விடவில்லை. கேமரா விற்கிறவன் தோற்றுப்போவான். மாமா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கேமராவை மெல்ல அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மனிதருக்கு மனசு விட்டுப்போயிற்று என்று அவன் நினைத்தான். பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சாமான் கட்டலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் மாமா அவனையும் கற்பகத்தையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். பீரோ திறந்து கிடந்தது. பழைய லென்ஸ் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் எர்ணாகுளம் கொண்டுபோய் மாற்றியிருந்தார். தட்டுகளில் சின்னச் சின்னதாகப் புது லென்ஸ்கள் இருந்தன. எல்லாம் முனீஸ்வரனின் கேமராவுக்கு மாட்டுகிறவை.

"நீ சொன்னது அம்புட்டும் சரிதாம்ல. மொத்தமா மாத்திட்டேன்" என்று பீரோச் சாவியை அவன் கையில் திணித்தார். "இனி எல்லாம் உன் பொறுப்பு. எனக்கப்புறமும் ஸ்டுடியோ நிக்கணும்லா." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கற்பகம் அவனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லித் தொலையேன் என்ற பார்வை. முனீஸ்வரன் மாமா பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். அதற்குள் மாமா ஒரு லென்ஸை எடுத்து நீட்டினார். வாங்கிக் கேமராவில் வைத்துத் திருகினான். டக்கென்று உட்கார்ந்தது.

"சேருதால?" என்றார் மாமா.

"சேருது மாமா" என்றான்.