முன்வரிசை நாற்காலி

"இபு, முன்வரிசையில குடும்பத்துக்கு நாற்காலி போட்டாச்சு. யார் பேரை ஒட்டட்டும்?" விழா ஏற்பாடுகளைக் கவனிக்கும் எந்தா மறுபடியும் கேட்டாள். மூத்த பெண்களை அங்கே 'இபு', அதாவது அம்மா, என்றுதான் அழைப்பார்கள்.

முழுப் பேராசிரியராகிறவர் சபையில் ஆய்வுரை வாசித்துவிட்டு, கடைசியில் கணவரையோ மனைவியையோ எழுந்து நிற்கச் சொல்லி நன்றி கூறுவார். யோக்யகர்த்தா பல்கலைக்கழகத்தின் அந்த அரங்கில் வுர்யானி எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருக்கிறாள். இப்போது அவளுடைய முறை. பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களும் இல்லை.

"ஹந்தோயோன்னு ஒட்டு."

"சரித்திரத் துறையில இருந்தாரே, அவரா? அடேயப்பா! கமுக்கமா இருந்துட்டீங்களே!"

"சும்மா உக்காரத்தான்டி. போய் வேலையைப் பாரு."

இளவயதில் ஹந்தோயோ கல்யாணத்துக்குக் கேட்டபோது, எப்போதும் மரியாதையாக அழைப்பதுபோல, "ஆய்வு முடியட்டும் மாஸ்" என்றாள். முடிந்தபோது அவருக்கு மனைவியும் மகளும் இருந்தார்கள். மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. போன மாதம் பலாக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே, "என்னை எழுந்து நிக்கச் சொல்லேன், வுர். முட்டி வலிதான், சமாளிச்சுக்கிறேன்" என்றார். மறுநாளே அவள் மாம்பழ நிறத்தில் கெபாயா மேல்சட்டை வாங்கினாள், விழாவின் கறுப்பு அங்கிக்குள் மறையத்தான் போகிறது என்று தெரிந்தும்.

விழா அன்று காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். "வுர், செமாராங்ல மகளுக்கு வலி எடுத்துடுச்சு. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கான். நான்..."

"கிளம்புங்க மாஸ். பேத்தி காத்துக்கிட்டா இருப்பா?"

"பேத்தின்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"காலம்பூரா பொம்பளைங்களைத்தானே படிச்சிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். பேச்சு முடிந்த பிறகு, கெபாயாவின் கடைசிப் பொத்தானைப் போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"நாற்காலியை எடுத்துடட்டுமா? போட்டோல காலியாத் தெரியுமே" என்றாள் எந்தா.

"கிடக்கட்டும்."

டச்சுக்காரர் காலத்துப் பத்திரிகைகளில் புதிய பாணியில் எழுதி, தனியாகவே வாழ்ந்து மறைந்த பெண்களைப் பற்றியது உரை. 'தனிமையை அவர்கள் விரும்பித் தேர்ந்தார்கள். அவர்களுடைய நவீனத்துவம் அதில் பிறந்தது.' அவளுக்கு முனைவர் பட்டமும் பெயரும் வாங்கித் தந்த வரிகள். அச்சிட்ட உரை எல்லோர் மடியிலும் இருந்தது. அந்த இடம் வந்ததும் அவள் நிமிர்ந்தாள். நாற்காலி முதுகில் ஹந்தோயோவின் பெயர்ச்சீட்டு மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

"அச்சுல இப்படித்தான் இருக்கு" என்றாள். "ஆனா சிலர்தான் விரும்பித் தேர்ந்தாங்க. சிலர், யாராவது வருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தாங்க. காத்துக்கிட்டே எழுதினாங்க. அந்தக் காத்திருப்பு அவங்க எழுத்துலயே இருக்கு. நான் அதைப் பார்க்காம தாண்டிப் போயிட்டேன். இனிமேதான் படிக்கணும்."

அரங்கு முழுக்கத் தாள்கள் சலசலத்தன. முதல் வரிசைப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். நன்றி சொல்லும் இடத்தில் அவள் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் இறங்கி வந்து, அங்கியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைபேசியில் அவரிடமிருந்து 'பேத்திதான்' என்று செய்தி வந்திருந்தது.

எந்தா இரண்டு சோற்றுப் பெட்டிகளோடு வந்து தயங்கினாள். "அவரோடதையும் இங்கேயே வெக்கட்டுமா, இபு?"

"வை."

ஒன்றைப் பிரித்தாள். மற்றொன்று சூடு ஆறும்வரை அவள் மடியிலேயே இருந்தது.