இரண்டு பெட்டித் தோட்டாவும் ஒரு காகிதத் தட்டும்

ட்வெய்னின் துப்பாக்கிக் கடையில் மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் காகிதத் தட்டுகள் ஆணியடித்துத் தொங்கின. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து அந்தச் சிற்றூரில் குறி பார்த்துப் பழகுவதற்கு எல்லோரும் வைக்கும் சாப்பாட்டுத் தட்டுகள்தான். கடையில் அடித்துப் பேசி, பேசியது பொய்த்துப் போனவர், தன் தவறைத் தன் கையால் தட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் பதினோரு தட்டுகள். கெய்லின் இரண்டு முறை எண்ணிவிட்டாள். ஒன்றில்கூட ட்வெய்னின் கையெழுத்து இல்லை.

அவள் முன்னால் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டும் அவளுடைய குட்டைத் துப்பாக்கிக்குப் பொருந்துபவை. ஒன்றில் ஒலியைவிட மெதுவாகப் போகும் கனத்த சப்சோனிக் தோட்டா. மற்றதில் ஒலியை முந்திப் பாயும் சூப்பர்சோனிக்.

மெதுவானதைத்தான் வாங்கச் சொன்னார் ட்வெய்ன். வீட்டுக்குள் சுட்டால் காது போகாது, சுவரோடு நின்றுவிடும் என்றார். கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் இருவரும் தலையாட்டினார்கள்.

"சுவரோட நின்னதை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் கெய்லின்.

"மெதுவா வர்றது நிக்கும் தங்கச்சி. இதுல பாக்க என்ன இருக்கு?"

அவளுக்கு அந்தச் சுவர்தான் முக்கியம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மதிய வேளையில் எவனோ அவர்களுடைய டிரெய்லர் வீட்டின் பின்கதவை உதைத்துத் திறந்தான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் அக்கா மார்னி போட்ட கூச்சலில் ஓடிவிட்டான். ஷெரிஃப் ஆள் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு பெண்கள் தனியாக இருக்கும் இடமா இது, டவுனுக்குப் போய்விடுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். போவதில்லை என்று அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் கெய்லின் சமையலறையில் நின்று பின்கதவை நோக்கிச் சுட்டால், கதவை ஒட்டிய மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் மார்னியின் தலையணை.

வேகமான தோட்டா இலேசானது, சுவரில் பட்டதுமே உடைந்து சிதறும் என்பது கெய்லினின் கணக்கு. அதைச் சொன்னபோது மூவரும் சிரித்தார்கள். அவளுக்கும் சந்தேகம்தான். மாலை வகுப்பில் நில அளவை படிப்பவள். ஒரே கோட்டை மூன்று முறை அளந்தாலும் நிம்மதி வராது. இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டாள்.

"சனிக்கிழமை காலையில சரளைக் குழிக்கு வாங்க. உங்க தட்டையும் எடுத்துட்டு வாங்க."

"உனக்கும் சேத்தே எடுத்துட்டு வர்றேன்" என்றார் ட்வெய்ன்.

சனிக்கிழமை, சரளைக் குழியின் மண்மேட்டுக்கு முன்னால் கெய்லின் தன் வீட்டுச் சுவரைக் கட்டினாள். மரச்சட்டத்தின் இருபுறமும் அதே ரகப் பலகை. தலையணை இருக்கும் தூரத்தை நாடா வைத்து அளந்து, தண்ணீர் நிரப்பிய நான்கு பிளாஸ்டிக் பால் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். தூக்கம் கலையாத மார்னி வந்து முதல் கேனில் பேனாவால் கண், மூக்கு, வாய் வரைந்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கு" என்றாள் தங்கை.

"சுடப்போற நீ. மூக்கைப் பத்தி உனக்கென்னடி?"

ட்வெய்னும் வந்து சேர்ந்ததும் எல்லோரும் காதை மூடிக்கொண்டார்கள். முதலில் மெதுவானது. சுவரில் பென்சில் நுழைந்தது போல வட்டமாக ஒரு துளை. நான்கு கேன்களிலும் அதே துளை. தோட்டா மண்மேட்டில் புதைந்திருந்தது. துப்பாக்கியோ சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பியை முழுதாகக் கக்காமல் சிக்கிக்கொண்டது. சத்தம் அடக்கும் குழாய் மாட்டினால் அழுத்தம் கூடிச் சரியாகிவிடும் என்று ட்வெய்ன் முணுமுணுத்தார். அதற்கு அரசாங்கத்திடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும்வரை திருடன் காத்திருப்பானா என்று மார்னி கேட்டாள்.

புதுக் கேன்கள் வைத்து, முதலாவதில் மார்னி மறுபடி முகம் வரைந்த பிறகு, வேகமானதைச் சுட்டாள் கெய்லின். இடி இறங்கியது போலிருந்தது. முதல் கேன் வெடித்துத் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில் நசுங்கல் மட்டும்.

ட்வெய்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெய்லின் சுவரின் துளைகளைக் குனிந்து பார்த்தாள். சுவரில் தோட்டா உடையவில்லை. அவளுடைய கணக்கும் தவறு. மார்னி வெடித்த கேனைத் தூக்கி மிஞ்சிய ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் செத்தது நான்தான். ஒண்ணுல அழகா, ஒண்ணுல அசிங்கமா."

"டவுனுக்குப் போயிடுங்க தங்கச்சி. அதுதான் நல்லது" என்றார் ட்வெய்ன். கேலியாகச் சொல்லவில்லை.

கெய்லின் நாடாவைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். எந்தத் தோட்டா சுவரில் நிற்கும் என்று இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் நிற்காது. அப்படியானால் அசைய வேண்டியது வேறு.

"போக மாட்டோம். உன் கட்டில் போகும்க்கா. என் ரூமுக்கு, என் முதுகுக்குப் பின்னால."

மண்ணில் குச்சியால் வீட்டை வரைந்து காட்டினாள். சமையலறையில் அவள் நிற்கும் இடம், பின்கதவு, அதற்கப்பால் ஓடையின் உயர்ந்த மண்கரை. கதவை ஒட்டிய அறை காலியாகிவிட்டால் அந்தக் கோட்டில் யாரும் இல்லை.

"அப்போ எந்தப் பெட்டி?" என்று கேட்டார் ட்வெய்ன்.

"வேகமானது. அதுல துப்பாக்கி சிக்கிக்கல. தோட்டாவும் மூணாவது கேனோட நின்னுடுது."

"வீட்டுக்குள்ள அந்தச் சத்தத்துக்குக் காது கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். என் வீட்டுல நின்னுக்கிட்டு நான் எதுக்கு மெதுவாச் சுடணும்? ஊருக்கே கேக்கட்டும். ஐம்பது நிமிஷத்துக்கு அப்பால இருக்கிற ஷெரிஃபுக்கும் கேக்கட்டும்."

ட்வெய்ன் வண்டியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வந்தார். ஒன்றை முழங்காலில் வைத்து, 'மெதுவானது சுவரில் நிற்கும் என்றேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மற்றதை அவளிடம் நீட்டத் தயங்கினார். கெய்லினே வாங்கிக்கொண்டாள். 'வேகமானது சுவரில் உடையும் என்றேன்' என்று எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்துப் பெயரைப் போட்டாள்.

"என்னோடதை உங்களோடதுக்கு மேல மாட்டுங்க" என்றாள். "உயரமா. கடைக்கு வர்றவன் எல்லாம் என் பேரைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும், நாங்க இங்கதான் இருக்கோம்னு."

பிறகு அக்காவும் தங்கையும் கட்டிலை நகர்த்த வீட்டுக்குப் போனார்கள்.