ஒச்சாயி பூசிய வெள்ளை

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊரில் ஒரு வீட்டிலும் புளி இல்லை. எல்லாம் கரைசலாகிக் குடம் குடமாக மலையேறிவிட்டது. குகை நெற்றியில் பதினைந்து வருடமாக ஏடு ஏடாய் ஏறிக் கிடந்த சுண்ணாம்பைப் புளித்தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும், பித்தளை அண்டாவில் போகாத அழுக்கா என்று பெண்கள்தான் யோசனை சொன்னார்கள். அம்புட்டு வாய் பேசியவர்கள், ஏறி வந்தபிறகு ஒருத்தியும் நாரைத் தொடவில்லை. எல்லோரும் ஒச்சாயியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சுண்ணாம்பு அவள் பூசியது.

மகன் காளைக்கு ஏழு வயதில் அம்மை போட்டுக் கண் சொருகிக் கிடந்தபோது, அந்தக் குகையில் பாறையை வெட்டிச் செய்த பஞ்சபாண்டவர் படுக்கைக்கு வருடா வருடம் வெள்ளையடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து தை பிறந்தால் சுண்ணாம்புச் சட்டியும் பூசுகிற மட்டையுமாக மலையேறிவிடுவாள். வாடிப்பட்டிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே குகை பளிச்சென்று தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான், ஏன் இருக்கக்கூடாது? பாறையில் கோழி கிளறியது மாதிரி நாலு கீறல் இருந்தது, அதையும் சேர்த்துப் பூசினாள். எழுத்து என்று யார் சொன்னார்கள்?

பசுமலையிலிருந்து வந்த வாத்தியார் பசுபதி சொன்னார், போன வாரம், ஏதோ பழைய புத்தகத்தில் பார்த்துவிட்டு. மலையைக் கல் உடைக்கக் குத்தகைக்கு விடப்போகிறார்கள், எழுத்து கண்ணால் பார்க்கிறபடி இருந்தால் நிறுத்தலாம், வெள்ளிக்கிழமை மத்தியானம் தாசில்தார் ஜீப் வரும் என்றார்.

ஊர்ப்பெரியவர் மொக்கைச்சாமி அதட்டியிருந்தால் ஒச்சாயி ஒரு பிடி பிடித்திருப்பாள். அவரோ தணிந்து சொன்னார்.

“வேண்டுதல் ஒன்னோடது தாயி. நீ வேணாம்னா யாரும் தொடமாட்டோம். மல போனாப் போகட்டும்.”

ஒச்சாயி சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள். கொடுத்ததைத் தானே சுரண்டி எடுத்தால், சாமியும் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதா? மலையே போய்விட்டால் அப்புறம் எதில் வெள்ளையடிப்பது? எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையில் போய்த்தான் நின்றது. இருபத்திரண்டு வயதுக் காளை, தழும்பு மாறாத கன்னத்தோடு, குனிந்து நாரை எடுத்தான். வெடுக்கென்று பிடுங்கினாள்.

“நீ தொடாத. பூசுன கைதான் எடுக்கணும். வாரதெல்லாம் எனக்கே வரட்டும்.”

தேய்த்தாள். சுண்ணாம்பு கரைந்து முழங்கை வழியே பால் மாதிரி ஓடியது. ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீறலா அது! உளி பிடித்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டியது, வரிசை பிசகாமல் பாறைக்குள் இறங்கி நின்றது. பசுபதி செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் வந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ரெண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரி இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்திருக்கிறார் என்றார். யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஒச்சாயி எழுத்தின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“எதுக்குக் குடுத்தாருன்னு போட்டிருக்கா சார்?”

“இல்லம்மா. தெரிஞ்ச வரைக்கும் பேரும் ஊரும் மட்டுந்தான் இருக்கு.”

“சும்மாவா மருதையிலிருந்து வந்து குடுத்திருப்பாரு?” பாறையைப் பார்த்தபடியே கேட்டாள். “அவரு பிள்ள பொழச்சுச்சா சார்?”

பசுபதி மறுபடியும் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துத் தேடினார். கீழே ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒச்சாயி திரும்பவில்லை. இன்னும் மூன்று எழுத்து சுண்ணாம்புக்குள் இருந்தது. நாரைக் கீழே போட்டுவிட்டு, அம்மை இறங்கிய பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிறவள்போல, புளித்தண்ணீரை அள்ளி வெறும் உள்ளங்கையால் அதன்மேல் மெல்லத் தடவிக்கொடுத்தாள்.