வண்டு ஊறிய பிளம் சாராயம்

பீட்ரூட் வயலைச் சுற்றி, பூச்சி விழுந்து மாட்டிக்கொள்ள வெட்டிய பள்ளத்தில் கூன்வண்டுகள் மொய்த்தன. வாளியில் அள்ளினேன். சாம்பல், கறுப்பு, புள்ளி போட்டது, நீளமூக்கு என்று ஒரே வயலில் எத்தனை இனம், சனியன்கள்! வேளாண் ஆராய்ச்சி நிலையத்துப் பெண்ணிடம் காட்ட, கெடாமலிருக்க வகைக்கு நாலைந்தாகப் பிளம் சாராய ஜாடியில் போட்டு அடுப்படியில் வைத்தேன்.

எங்கள் வோய்வோதினா மாகாணத்தில் சாராய ஜாடியைக் கண்டால் யாரும் கேட்டு ஊற்றிக்கொள்வதில்லை. கைகழுவிவிட்டு வந்தால் பக்கத்து வீட்டு ரதோயே பாதி ஜாடியைக் காலி செய்திருந்தான். மீசையில் வண்டுக்கால் ஒட்டியிருந்தது.

"அடப்பாவி, துப்புடா! அது பூச்சிடா!"

பல்லிடுக்கில் நோண்டி எடுத்ததை வெளிச்சத்தில் பார்த்தான். "பூச்சியா? நீ வால்நட் ஊறப்போட்டிருக்கேன்னுல்ல நெனச்சேன்."

நான் ஜாடியைப் பிடுங்கினேன். அவனோ கோப்பையை நீட்டினான்.

"ஊத்துடா. நீ போன வருஷம் காய்ச்சினதுக்கு இது எவ்வளவோ தேவலை."