பின்சீட்டுக் கருகல்

வண்டி ஓடும்போது ஒன்றும் இருக்காது. நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்தால்தான் அந்த வாடை வரும். எண்ணெய் வாடையும் இல்லை, ரப்பர் வாடையும் இல்லை. மஞ்சளும் மயிரும் சேர்ந்து கருகினால் எப்படி இருக்கும், அப்படி. முதல் நாளே உமா மகேஸ்வரி நாலு கதவையும் திறந்து போட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? அடம்பிடித்துப் பழைய கார் வாங்கியவள் மூக்கைப் பொத்தலாமா!

ஜம்பத்துக்கு வாங்கிய கார் அல்ல அது. மகள் அபர்ணாவுக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்தே கால்கள் சொன்ன பேச்சுக் கேட்காது. குற்றாலத்திலிருந்து ஆய்க்குடிக்குத் தினமும் நடைப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். சீசன் நேரத்து பஸ்ஸில், ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஏறுகிற கூட்டத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கார் வந்தபின் பயிற்சி தட்டாமல் நடந்தது. அங்கே இருக்கிற பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அபர்ணா நிற்கத் தொடங்கினாள். இனி கம்பியை விட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

"சவத்த வித்துத் தொலைட்டி. எவ உசுர வாங்குன வண்டியோ," என்றான் கணவன் செந்தில்வேல். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருப்பவன். அழுகல் தக்காளிக்கு அசையாத மூக்கு, இந்த வாடைக்கு மட்டும் வாசலோடு நின்றுவிடும்.

"வித்துட்டு பிள்ளைய உங்க தலையில சொமந்துட்டுப் போவியளா?" என்று கேட்டாள்.

தென்காசியில் மசூது பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மனுஷனுக்கு வாய் ஓயாது. "கிளட்ச் வாடதான் தங்கச்சி. காலத் தூக்காம அதுமேலயே கெடத்துனா அது என்ன செய்யும், பாவம்!" என்று சிரித்தார். கிளட்ச் பிளேட் மாறியது. வாடை மாறவில்லை. பாயின் சிரிப்பு மட்டும் போனது.

இதற்கிடையில் இன்னொன்று. அபர்ணா பின்சீட்டில் எப்போதும் கதவோரமாக ஒண்டித்தான் உட்காருவாள். "ஏட்டி, நடுவுல நல்லா உக்காரேன்," என்றால், "எடம் பத்தாதும்மா," என்பாள். பிள்ளை விளையாட்டு என்று உமா விட்டுவிட்டாள். விட்டாளே தவிர, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாம் முறை பாய் வண்டியை உயரத் தூக்கி, அடியில் போய் நின்று டார்ச் அடித்தார். "சைலன்சருக்கு மேல என்னமோ கெட்டிக் கெடக்கு," என்றார். கட்டியிருந்த கம்பியை வெட்டி இழுத்தார். கையகல மஞ்சள் துணி. இரண்டு முனையும் செம்புக் கம்பியில் முறுக்கி, நடுவில் தொங்கலாக இருந்தது. உள்ளே சுருட்டி வைத்த ஒரு கற்றை முடி. அடிப்பக்கம் கரிந்து, தொட்டதும் நொறுங்கியது. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அந்தத் தொட்டில்! பாயின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சங்கொஞ்சமா வெந்திருக்கு. பக்கத்துலயே பெட்ரோல் குழாய் போகுது பாரு. இன்னும் விட்டிருந்தா பிள்ளையும் நீயும் வண்டியோட போயிருப்பிய," என்றார். "வீட்டுக்குக் கொண்டுபோவாண்டாம். ஆத்துல விட்டுரு."

சிற்றாற்றுப் பாலத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் எறிந்தாள். வாடை அன்றோடு நின்றது. அபர்ணா நடுச்சீட்டில் தாராளமாக உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது உமாவுக்கு.

அந்த நிம்மதி ஆய்க்குடிப் பயிற்சிக்கூட வாசல்வரைதான். கம்பியைப் பிடித்த பிள்ளை துணிமூட்டை மாதிரிச் சரிந்தாள். மறுநாளும் அதே கதை. அந்த வாரம் முழுக்க அதே கதை. "கால்ல புதுசா கொறை ஒண்ணும் இல்லக்கா, பயப்படுதா," என்றாள் பயிற்சி கொடுக்கிற ஹம்னா.

"ஏன்ட்டி நிக்க மாட்டேங்க?" என்று உமா கெஞ்சினாள்.

"கைய புடிச்சுக்கிட ஆள் இல்லல்லாம்மா," என்றாள் அபர்ணா.

வண்டியை விற்ற சுந்தரபாண்டியபுரத்து விஸ்வநாதனுக்கு உமா உடனே போன் போட்டாள். மஞ்சள் துணியைப் பற்றிக் கேட்டாள். அவன் மெல்லச் சொன்னான்.

"அது எங்கக்கா நாச்சியார் கெட்டுனது. எல்லாரும் மரத்துல கெட்டுவாவ. மரத்துப் பக்கம் போனா நாலு பேர் பாப்பாவளேன்னு அவளுக்குக் கூச்சம். பின்சீட்டுல ஒரு பிள்ள ஏறணும்னு நேந்து, தன் முடிய வச்சு வண்டிக்கடியில கெட்டிட்டா. அங்கன சூடு ஏறும்னு அவளுக்கு என்ன தெரியும்? பிள்ள ஏறல. அவளும் போயிட்டா. சாவும்போதுதான் எங்கிட்டச் சொன்னா. அவுத்து எடுக்க எனக்கு மனசு வரல."

அடப்பாவி, ஒருத்தியின் ஆசையைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிட்டோமே என்று உமா தலையில் அடித்துக்கொண்டாள். பயமும் போகவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, புது மஞ்சள் துணியில் சின்னதாக ஒரு தொட்டில் முடிந்தாள். வண்டிக்கு அடியில் அல்ல, பின்சீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியில் கட்டினாள். செந்தில்வேல் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் சக்கர நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

வழியெல்லாம் சாரல். அபர்ணா தானாகவே கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். உமா கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆய்க்குடியில் நிறுத்தி, பிள்ளையின் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, டிக்கியிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கப் பின்னால் போனாள். அப்போது அடித்தது வாடை. அதே மஞ்சள், அதே மயிர். நாற்காலியைப் பிடித்தபடியே குனிந்து அடியில் பார்த்தாள். சைலன்சர் மேல் ஒன்றுமில்லை. ஈரம் பட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது அபர்ணா வண்டிக்கு வெளியே இருந்தாள். கதவில் சாயவில்லை. சேற்றுத் தரையில் இரண்டு காலும் பதிய நின்றாள். வலது கை மட்டும் தோளுயரத்துக்குத் தூக்கியிருந்தது, யாருடைய விரலையோ பற்றியதுபோல மடங்கியிருந்தது.

"அம்மா, நிக்கேன் பாரு," என்றாள்.

உமாவுக்கு அலற வாய் வந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்துக்கொள்ளக் கை பரபரத்தது. எடுத்தால் அந்தக் கை விட்டுப்போகுமே! நாற்காலியை அப்படியே கீழே போட்டாள். மகளுக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யக்கா," என்றாள். "பிள்ள கைய விட்டுராதிய."